மூலைக்கு ஒன்பது கல்

“அந்தக் கதைய மட்டும் சொல்லாதீங்க சார்,” என்று சொல்லிக்கொண்டே அவள் மடக்கு நாற்காலியை உதறி விரித்தாள். நாற்காலி அவள் கையில் படாத பாடு பட்டது.

தலைமையாசிரியர் வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் தட்டச்சு செய்த இரண்டு தாள்கள். கூட வந்த ஆசிரியைகள் மூன்று பேரும் மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“எந்தக் கதைங்க?”

“எந்தக் கதைன்னு உங்களுக்குத் தெரியும்.”

அவருக்கு மட்டுமா, ஊருக்கே தெரியும். கணக்கு டீச்சர் பெற்ற மகளையே இரண்டு மதிப்பெண்ணில் ஃபெயிலாக்கிய கதை. முப்பத்தைந்து எடுக்க வேண்டிய இடத்தில் மகள் முப்பத்து மூன்று. சக ஆசிரியர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். ‘என் பொண்ணுக்கு ஒரு நியாயம், ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஒரு நியாயமா?’ என்று டீச்சர் மறுத்துவிட்டாராம். பள்ளி ஆண்டு விழாவில் அந்தக் கதையைச் சொன்னார்கள். டீச்சர் ஓய்வுபெற்ற அன்று மேடையில் நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். அவள் யாரோ ஒருவர் வீட்டில் முட்டி போட்டுத் தரைக்குக் கல் பதித்துக்கொண்டிருப்பாள், வீட்டுக்காரம்மா காபியை நீட்டிக்கொண்டே, “நீங்க டீச்சரோட பொண்ணா? அந்த...” என்று இழுப்பார். அந்த ஃபெயில் ஆன பொண்ணா என்று முடிக்க நாக்கு வராது. அவளே முடித்து வைப்பாள். “ஆமா, அந்த ஃபெயில்தான்.”

இருபத்தெட்டு வருடமாக அம்மாவின் நேர்மைக்கு அவள்தான் அத்தாட்சி. ரேஷன் அட்டை மாதிரி எல்லாரும் அவளைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

டீச்சர் அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். எட்டு மாதப் படுக்கை. உடலைக் கூடத்தின் நடுவில் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு வண்டி வரும், அதற்கு முன்னால் பள்ளியின் சார்பில் இரங்கல் உரை என்று ஏற்பாடு. தம்பிதான் சரி என்றிருக்கிறான். அவளை யாரும் கேட்கவில்லை.

“டீச்சர்னாலே எல்லாருக்கும் அதுதானே ஞாபகம் வருது,” என்றார் தலைமையாசிரியர், தாளைச் சுருட்டிக்கொண்டே. “அத விட்டுட்டு என்னத்தப் பேசுறது?”

“முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தியிருக்காங்க. ஒண்ணுமே கிடைக்கலையா?”

அவருடைய முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தன. வகுப்பில் அவருக்கு முயல் என்றுதான் பெயர். அவளும் அவரும் ஒரே பெஞ்சு வரிசை, இவள் பெண்கள் பக்கம், அவர் பையன்கள் பக்கம். இன்றைக்குக் கோட்டு போட்டிருந்தாலும் அவள் கண்ணுக்கு முயல்தான்.

நாற்காலிகளைக் கூடத்தின் மூலை வரைக்கும் போட முடியவில்லை. மூலையை டீச்சரின் கட்டிலும் புத்தக மேஜையும் அடைத்துக்கொண்டிருந்தன. கட்டிலுக்கு அடியில் தரை வேறாக இருந்தது. கூடம் முழுக்க மெருகேற்றிய கல். அந்த மூலை மட்டும் வெறும் சிமெண்டு.

அந்த வீடு கட்டும்போது அவளுக்கு ஒன்பது வயது. கூடம் பதினான்கு அடிக்குப் பதினான்கு அடி. இரண்டடிச் சதுரக் கல், வரிசைக்கு ஏழு, மொத்தம் நாற்பத்தொன்பது. வண்டியிலிருந்து இறக்கும்போது ஒன்பது கல் உடைந்துவிட்டது. அதே நிறத்தில் மறுபடி கிடைக்கவில்லை. கல் பதிக்க வந்தவர் இருந்த நாற்பதையும் பதித்துவிட்டு, மூலையில் மூன்றுக்கு மூன்று இடத்தைச் சிமெண்டு பூசி விட்டுப் போனார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டீச்சர் மேஜையை இழுத்து அதன் மேல் போட்டார். வீடுகளில் பிறகு என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு வந்தது. வர்க்கப் பூர்த்தி முறை அவள் மண்டையில் ஏறவே இல்லை. டீச்சர் வகுப்பில் படம் போடுகிற ஆள் கிடையாது. பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிகளை எழுதுவார், துடைப்பார், போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, சாக்பீஸை எடுத்துக்கொண்டு கூடத்துத் தரையில் குந்தினார். நாலுக்கு நாலு கல்லைச் சுற்றிக் கோடு போட்டார். இந்தச் சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று தெரியாது என்று வைத்துக்கொள், அதுதான் x. இதோடு ஆறு x சேர வேண்டும். ஆறையும் ஒரே பக்கம் ஒட்டினால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டு போகும், சதுரம் ஆகாது. பாதியாகப் பிரி. இந்தப் பக்கம் மூன்று வரிசை, அந்தப் பக்கம் மூன்று வரிசை.

“இப்ப எங்க குறையுது?”

அவள் மேஜைக்கு அடியில் கையைக் காட்டினாள். மூலையில். மூன்றுக்கு மூன்று, ஒன்பது. அந்த ஒன்பதைப் போட்டால் சதுரம் நிறைந்துவிடும். ஆனால் சமன்பாட்டில் இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கமும் போட வேண்டும், அதனால் நாற்பது நாற்பத்தொன்பது ஆகிறது. ஏழேழு நாற்பத்தொன்பது. x-உம் மூன்றும் சேர்ந்து ஏழு என்றால் x நாலு. பளிச்சென்று விளங்கிவிட்டது. டீச்சர் ஒருதரம் சிரித்தார்கூட. அந்தச் சிரிப்பை நினைத்தாலும் அவளுக்கு இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் அரையாண்டுத் தேர்வில் அதே கணக்கைத்தான் டீச்சர் கேட்டிருந்தார். x² + 6x = 40. வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்க. கேள்வித்தாளில் தன் வீட்டுக் கூடத்தைப் பார்த்தவள் படமே போட்டு எழுதினாள். x = 4 என்று பெட்டி கட்டி முடித்தாள். வர்க்கமூலத்துக்குக் கழித்தல் ஏழும் உண்டு, அதனால் x கழித்தல் பத்தாகவும் இருக்கலாம் என்று மற்ற பிள்ளைகள் பலகையைப் பார்த்துப் படித்ததை எழுதினார்கள். அவள் தரையைப் பார்த்துப் படித்தவள். தரையில் எவன் மைனஸ் பத்துக் கல் பதிப்பான்?

விடைத்தாளில் பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘மற்றொன்று?’ என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தது. முப்பத்து மூன்று. அந்தப் பள்ளியில் அரையாண்டில் தோற்றால் பொதுத்தேர்வுக்கு அனுப்ப மாட்டார்கள். அடுத்த வருடம் எழுதலாம் என்றார் டீச்சர், இட்லி இன்னொன்று வைக்கட்டுமா என்கிற குரலில். அவள் எழுதவில்லை. வீம்புக்குக் கல் பதிக்கிற ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை பிடித்துப்போனது, நன்றாகவும் வந்தது. இன்றைக்கு அவளிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பாதி ஊருக்குத் தரை போட்டிருக்கிறாள். அம்மா வீட்டு மூலைக்கு மட்டும் ஒரு கல் வைத்ததில்லை. டீச்சரும் வைக்கச் சொன்னதில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவள் கொல்லைப்புறத்தில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது முயல் பின்னாலேயே வந்து நின்றார்.

“ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.” வெளியே யாரும் இல்லாததால் ‘சார்’ போய்விட்டது.

“அந்த அரையாண்டுல நானும் முப்பத்து மூணுதான்.”

அவள் குழாயை மூடவில்லை.

“அதே கணக்கு. நானும் மைனஸ விட்டுட்டேன். சாயங்காலம் டீச்சர் என்ன ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. பேப்பர எம்முன்னாடி வச்சாங்க. ஒரு நீலப் பேனாவையும் வச்சாங்க. வச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. ஒரு வார்த்த பேசல. நான் மைனஸ் பத்துன்னு எழுதினேன். முப்பத்தஞ்சு போட்டாங்க.” அவர் மூக்கை உறிஞ்சினார். “அப்பா அப்ப படுத்த படுக்கை. ஃபெயிலானா என்ன வேலைக்கு அனுப்பிடுவாங்கன்னு டீச்சருக்குத் தெரியும்.”

“நான் எங்க போனேன்?”

அவர் கையிலிருந்த தாளை இன்னும் இறுகச் சுருட்டினார்.

“கேக்குறேன்ல. நான் எங்க போனேன்? வெளிநாட்டுக்கா? பதினஞ்சு வயசுல சிமெண்டு சட்டி தூக்கப் போனேன்.” டம்ளர் அவள் கையிலிருந்து தொட்டிக்குள் விழுந்து உருண்டது. “நீ அப்பவே என் பேப்பரப் பாத்தியா?”

“என் பேப்பருக்கு அடுத்ததா உன்னுதுதான் இருந்துச்சு. கட்டுக்கு மேலயே இருந்துச்சு.”

ஆக இரண்டு தாளும் ஒரே மேஜையில், ஒன்றன் மேல் ஒன்றாக. ஒரே கணக்கு, ஒரே தப்பு. முயலுக்காவது அது மறதி. அவளுக்கு அது மறதிகூட இல்லை, டீச்சரே தரையில் குந்திச் சொல்லிக்கொடுத்தது. அது டீச்சருக்கும் தெரியும். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். தெரிந்துதான் சிவப்புப் பேனாவை எடுத்திருக்கிறார்.

“இத்தன வருஷமா மேடையில ஏறி ஏறி அந்தக் கதையச் சொன்னியே, அப்ப எங்க போச்சு இது?”

“சொல்ல வாய் வரல.”

“இப்ப எதுக்கு வந்துச்சு? செத்துட்டாங்க, இனிமே எழுந்து வந்து திட்ட மாட்டாங்கன்னா?”

“மனசு கேக்கல.”

“உன் மனசு ஆறுறதுக்கு என் காதுதான் கிடைச்சுதா?” குழாயை ஓங்கி மூடினாள். “இதப் பாரு. எங்கிட்டச் சொன்னத அங்க சொல்லு, எல்லார் முன்னாடியும். இல்லையா, ரெண்டையும் சொல்லாத. பாதியச் சொன்னேன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்.”

“டீச்சர் பேரு என்னாகும்?”

“எம்பேரு என்னாச்சு?”

அவர் போன பிறகு அவள் அதே மூன்று டம்ளர்களைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். தம்பி வந்து எட்டிப் பார்த்தான். அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் வேறு பள்ளியில் படித்தவன், அதனால் டீச்சரை அம்மா என்று கூப்பிடுகிற பாக்கியம் பெற்றவன். அவளுக்கு வகுப்பில் தொடங்கிய ‘டீச்சர்’ வீட்டிலும் ஒட்டிக்கொண்டு கடைசி வரை போகவில்லை.

“விடுக்கா,” என்றான். “அம்மா உள்ள படுத்திருக்காங்க. இன்னைக்குப் போயி இதெல்லாமா?”

“பின்ன என்னைக்கு? இன்னைக்கு மூணு மணிக்கு மேல கேக்குறதுக்கு ஆள் இருக்காதுடா.”

“யாருக்கு என்ன லாபம்?”

லாபம் இல்லைதான். அந்தக் கதையை இன்னொரு தடவை, அதுவும் அந்த உடலுக்கு முன்னால், கைகட்டிக் கேட்க முடியாது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

எட்டு மாதமும் அவள்தான் தூக்கினாள், துடைத்தாள், திருப்பிப் படுக்க வைத்தாள். கல் தூக்குகிற கை, டீச்சர் ஒரு பாரமே இல்லை. பார்க்க வந்தவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கதையை டீச்சருக்கே சொல்லுவார்கள். டீச்சர் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பெருமையில்தான் திரும்புகிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு போர்வையை உதறுவாள். போன மாதம் ஒரு மத்தியானம், மாத்திரை கொடுக்கும்போது, டீச்சர் கட்டிலுக்கு வெளியே தலையைத் தொங்கப் போட்டுக் கீழே பார்த்தார்.

“இந்த மூலைக்கு எத்தன கல்லு வேணும்?”

வகுப்பில் கேட்கிற அதே குரல். விடை தெரிந்துகொண்டே கேட்கிற குரல்.

“ஏன், உங்களுக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு டீச்சர் மாத்திரைக்கு வாயைத் திறந்ததோடு சரி.

இரண்டரை மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. தலைமையாசிரியர் எழுந்து நின்றார். அவள் கட்டிலில் சாய்ந்து நின்றாள், பக்கத்தில் சித்தி. அவர் தாளைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். காலம் தவறாமை, முப்பத்தாறு ஆண்டுகள், எத்தனையோ பொறியாளர்கள். தாளைத் திருப்பினார். திருப்பிய பக்கத்தை மேலிருந்து கீழ் வரை கண்ணால் ஓட்டிவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அன்னாரின் ஆன்மா...” என்று நேராகக் கடைசிக்குப் போனார். சொல்லாமல் விட்டுவிட்டார் என்று அவள் மூச்சு விடுவதற்குள் முன் வரிசையிலிருந்து பழைய டிரில் மாஸ்டர் கையைத் தூக்கினார். எண்பது வயதிலும் மைதானத்துக் குரல்.

“என்னப்பா முடிச்சிட்ட? அந்தப் பொண்ணு கதையச் சொல்லு! இப்ப இருக்கிற பசங்களுக்குத் தெரிய வேணாமா?”

“ஆமா சார், சொல்லுங்க,” என்று பின்னாலிருந்து இரண்டு குரல்கள்.

முயல் அவளைப் பார்த்தார். பிறகு டிரில் மாஸ்டரைப் பார்த்தார். அந்த வயதிலும் டிரில் மாஸ்டருக்குப் பயப்படுகிற ஆள். “அது... எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்,” என்று தொடங்கினார். தொடங்கியதும் பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போனது. பெற்ற மகள். முப்பத்து மூன்று. ரெண்டு மார்க்குதானே என்று எல்லாரும் கெஞ்சியது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நியாயமா என்ற இடத்தில் வழக்கம்போல நிறுத்தினார். வழக்கம்போல ‘உச்’ கொட்டினார்கள். பல தலைகள் அவள் பக்கம் திரும்பின.

“இன்னொண்ணு?” என்றாள் அவள்.

சித்தி அவள் முழங்கையைக் கிள்ளினாள். “வாய மூடுடி.”

“இன்னொரு பேப்பர் இருந்துச்சே சார், அதே மேஜையில. அதுக்கு எவ்வளவு மார்க்குன்னு சொல்லுங்க.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். முயலின் கண் உடலின் மேல் போய், அங்கிருந்து தரைக்கு வந்தது. பிறகு, தாள் இல்லாமல், நீலப் பேனாவையும் ஜன்னலையும் சொன்னார். குரல் உடைந்து உடைந்து வந்தது. “நானும் முப்பத்து மூணுதான். இவங்களுக்கு இல்லாதது எனக்குக் கிடைச்சுது,” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

சரி, உடைந்தது என்று நினைத்தாள். எல்லாரும் டீச்சரை என்ன சொல்லப்போகிறார்கள் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

டிரில் மாஸ்டர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா, என்ன மனசு! இல்லாத வீட்டுப் பையன்னு தெரிஞ்சு... அத வெளியில ஒரு வார்த்த சொல்லலையே அந்தம்மா!”

“பெத்த பொண்ணுன்னா கண்டிப்பு, ஊரான் பிள்ளைன்னா இரக்கம். எந்தத் தாய்க்கு வரும்?” என்று ஓர் ஆசிரியை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பின்னால் ஒருத்தர் பக்கத்திலிருந்தவருக்கு மெதுவாக மறுபடியும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார், நீலப் பேனாவோடு சேர்த்து. ஐந்தே நிமிடத்தில் கதை முன்னைக்கு இரண்டு மடங்காக வளர்ந்துவிட்டது. அதில் அவள் இன்னமும் ஃபெயில்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி அதை அழுகை என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வண்டி வந்தது. தூக்கினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக அவளும் போனாள், நின்றாள், எல்லாம் முடியும் வரை இருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ‘மத்தவனுக்கு ஜன்னல் பக்கம் திரும்பினீங்க, எனக்குச் சுவர்ப் பக்கம் திரும்பினீங்க. என் மூஞ்சியப் பாத்து ஒருதரம் சொல்லியிருக்கலாம் இல்ல’ என்று மனதுக்குள் அம்மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டே இருந்தாள்.

திரும்பி வந்தபோது மணி ஐந்தரை இருக்கும். சித்தி உள்ளறையில் கண்ணசந்திருந்தாள். நாற்காலிகளை மடக்கி அடுக்கிய பிறகு தம்பி கூடத்து நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

“கட்டில ஒரு கை பிடி,” என்றாள்.

“இப்பவா?”

“பிடிடா.”

கட்டிலை நகர்த்தினார்கள், மேஜையையும் நகர்த்தினார்கள். சிமெண்டில் கட்டில் கால் இருந்த இடங்களில் துரு வட்டங்கள். அவள் போய்த் தன் வேலைப் பையை எடுத்து வந்தாள். அளவு நாடாவின் முனையைத் தம்பி கையில் கொடுத்து, சுவரோரம் வைக்கச் சொன்னாள். ஒரு பக்கம் சரியாக ஆறடி. அடுத்த பக்கத்துக்கு மாறினார்கள். அவள் குனிந்து பார்த்தாள். நாடாவை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். மூலை மட்டத்தை வைத்துப் பார்த்தாள். சுவர் லேசாக உள்ளே சாய்ந்து வந்திருந்தது. ஒன்றரை அங்குலம் குறைந்தது.

“எத்தனக்கா வேணும்?” என்றான் தம்பி, முட்டி போட்டபடி.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான்.

“ஒன்பது,” என்றாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்க, நகர்த்தி வைத்த கட்டில் பக்கமாகப் பார்த்துச் சொன்னாள். “ஒன்பது. ஒரு வரிசைய வெட்டிப் போடணும்.”

பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். வெட்ட வேண்டிய இடத்தில் சிமெண்டின் மேல் கோடு போட்டாள். தம்பி நாடாவின் முனையை விட்டுவிட்டான். அது தரையில் சரசரவென்று ஓடி வந்து அவள் கைக்குள் சுருண்டது.